நாற்று விட்ட நாயுடு

கதிர் முற்றித் தலை சாய்ந்து நிற்கும் வயலைக் கண்டு மகிழாதவர் இல்லை. வழிப்போக்கனும் ஒரு கணம் நின்று பார்த்துவிட்டுத்தான் போவான். ஆனால் அந்த வயலின் மூலையில், ஒரு சிறு பாத்தியில், சில வாரங்கள் பச்சைப் பசேலென்று நெருங்கி நின்று, பின்னர் பறிக்கப்பட்டு, இருந்த இடம் தெரியாமற் போன நாற்றங்காலை யார் நினைக்கிறார்கள்? அறுவடை நாளில் அதைப் பற்றிப் பேசுவார் இல்லை. ஆயினும், நாற்று இல்லையேல் நடவு ஏது? நடவு இல்லையேல் அறுவடை ஏது?

நான் தாவரவியல் பயிலும் முதுகலை மாணவன். அதனால் பேச்சு பயிரில் தொடங்கிவிட்டது. நான் சொல்ல வந்ததோ ஆட்டத்தைப் பற்றி; ஆட்டத்திற்கு ஆட்களை வளர்த்த ஒருவரைப் பற்றி. அவர் மறைந்து நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகின்றன. அவர் பெயரால் நடக்கும் போட்டியைச் செய்தித்தாளில் பார்க்கிறோம். அவர் யார், என்ன செய்தார் என்று அறிந்தவர் நம்முள் எத்தனை பேர்? சென்ற கோடை வரையில் நானும் அறியேன். அவரிடம் நான் வந்து சேர்ந்த வழியை முதலில் கூறிவிடுகிறேன்.

என் தந்தையார் தருமபுரி மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து பிழைப்புத் தேடிப் பெங்களூருக்கு வந்தபோது எனக்கு வயது ஏழு. அல்சூர்ப் பக்கத்தில் ஓர் ஒண்டுக் குடித்தனத்தில் வளர்ந்தோம். தெருவே எங்கள் ஆடுகளம். தமிழ், கன்னடம், தெலுங்கு, உருது ஆகிய நான்கு மொழிகளிலும் சண்டையிட்டுக்கொண்டு ஒரே பந்தைத் துரத்தினோம். பதினைந்தாம் வயதில் ஒரு சிறு சங்கத்தில் சேர்ந்து வேகப்பந்து வீசக் கற்றேன். பத்தொன்பதாம் வயதில் விட்டுவிட்டேன். செய்முறை வகுப்பும் பயிற்சி நேரமும் மோதின. பந்து வீசுவோர் அணியும் ஆணி வைத்த காலணியின் விலையோ, எங்கள் வீட்டு ஒரு மாத அரிசிச் செலவை எட்டியது. யாரும் என்னை விலக்கவில்லை. நான் வராமற் போனதை யாரும் கேட்கவும் இல்லை. அதுதான் சில காலம் உள்ளத்தை அறுத்தது.

இப்போது என் தம்பிக்கு வயது பதினான்கு. இடக்கை ஆட்டக்காரன். பந்து வரும் நீளத்தை அவன் கண் எனக்கு முன்பே கண்டுகொள்கிறது. சென்ற கோடையில் ஓரிரவு உணவுக்குப் பின் தந்தையார் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். இவனை ஆட விடலாமா, அல்லது நிறுத்திவிடலாமா? ஆயிரம் பிள்ளைகள் ஆடுகிறார்கள், ஒருவனுக்குத்தான் பெயர் வருகிறது, மற்றவர் காலமெல்லாம் வீண்தானே என்பது அவர் வாதம். படித்தவன் என்று என்னைக் கேட்டார். என்னிடம் விடை இல்லை.

அச்சமயத்தில், அமெரிக்காவில் ஆய்வுப் படிப்புப் படிக்கும் நண்பர் ஒருவரிடமிருந்து மின்மடல் வந்தது. அங்கே அவருக்குக் கோடைகாலப் பொழுதுபோக்கு பேஸ்பால். மட்டையும் பந்தும் கொண்ட அந்த ஆட்டம், நமக்குக் கிரிக்கெட் எப்படியோ அந்நாட்டார்க்கு அப்படி. ஆனால் நண்பர் கவனிப்பது பெரிய அணியை அன்று. அதற்குக் கீழே சிற்றூர்களில் ஆடும் சிறு அணிகளை. பெரிய சங்கங்கள் 30 உள்ளன. 2021 முதல் அவை ஒவ்வொன்றின் கீழும் நான்கு படிகளில் நான்கு அணிகள். ஆக 120 அணிகள். அவற்றிற்கும் கீழே புதியவர்க்கான பயிற்சி அணிகள் வேறு. பள்ளி முடித்த இளைஞன் அடிப்படியில் நுழைகிறான். தேறினால் ஏறுகிறான், தேறாவிடில் அங்கேயே நிற்கிறான், அல்லது வீடு திரும்புகிறான். யார் இம்மாதம் ஒரு படி ஏறினான், யார் தோள் வலியால் ஓய்ந்தான், யார் வளைந்து வரும் பந்தை அடிக்கக் கற்றுக்கொண்டான் என்றெல்லாம் நண்பர் ஏட்டில் குறித்து வருகிறார். மூன்று நான்கு ஆண்டுகள் ஓர் இளைஞனை விடாமல் பார்த்து வந்து, அவன் பெரிய களத்தில் கால் வைக்கும் நாளில், தம் வீட்டுப் பிள்ளையே தேறியதுபோல் மகிழ்கிறாராம்.

அந்த ஏற்பாட்டிற்கு அந்நாட்டார் வழங்கும் பெயர் பண்ணை என்பதாகும். பெயரைப் படித்ததும் எனக்கு எங்கள் ஊர் நாற்றங்கால் நினைவுக்கு வந்தது. பண்ணையைப் பெரிய அளவில் அமைத்தவர் பிராஞ்ச் ரிக்கி. 1881-இல் ஒகையோ மாநிலத்து உழவர் குடியில் பிறந்தவர். செயிண்ட் லூயி நகரத்துக் கார்டினல்ஸ் சங்கத்தை அவர் நடத்தியபோது, தேர்ந்த ஆட்டக்காரரை விலை கொடுத்து வாங்க அச்சங்கத்திடம் பணம் இல்லை. வாங்க இயலாததை வளர்த்துக்கொள்வோம் என்று துணிந்தார். 1919-க்குப் பின் சிறு சங்கங்களில் பங்கு வாங்கி, இளைஞரை அங்கே இட்டுப் பழக்கினார். 1926-இல் கார்டினல்ஸ் உலகத் தொடர் வென்றது. 1940 அளவில் அச்சங்கத்தின் கீழ் முப்பதுக்கு மேற்பட்ட அணிகள் இருந்தன.

அது முழுதும் புகழத்தக்கதாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். நாற்று மிகுதியாகி, நடுவதற்கு இடமின்றிக் கட்டுக் கட்டாகக் கிடந்தது. மேலே ஏறவும் வழியின்றி, வேறு சங்கத்திற்குப் போகவும் உரிமையின்றிப் பல இளைஞர் கட்டுண்டு கிடந்தனர். 1938-இல் பேஸ்பால் ஆணையர் தலையிட்டு, கார்டினல்ஸ் பண்ணையிலிருந்து எழுபதுக்கு மேற்பட்டோரை விடுவித்தார். வளர்ப்பவன் உள்ளத்தில் அன்பு குறைந்து கணக்கு மிகுந்தால் நாற்றங்கால் பட்டியாகிவிடும். இதை நாம் மறந்துவிடலாகாது.

ஆனால் அதே ரிக்கியின் வாழ்வில் வேறொரு பக்கமும் உண்டு. இளமையில் அவர் ஒரு கல்லூரி அணியின் பயிற்சியாளராக இருந்தார். அந்த அணியில் கறுப்பினத்து மாணவர் ஒருவர் ஆடினார். வெளியூர் சென்றபோது விடுதியில் அவருக்கு அறை மறுக்கப்பட்டது. ரிக்கி வாதாடித் தம் அறையிலேயே அவரைத் தங்க வைத்தார். அந்த இரவு அவர் நெஞ்சை விட்டு அகலவில்லை. நாற்பது ஆண்டுகளுக்குப் பின், புரூக்ளின் சங்கத்தின் தலைமையில் இருந்தபோது, ஜாக்கி ராபின்சன் என்னும் கறுப்பின இளைஞரை ஒப்பந்தம் செய்தார். 1946 முழுதும் மாண்ட்ரியால் நகரத்துப் பண்ணை அணியில் ஆட வைத்து, 1947 ஏப்ரல் 15-இல் பெரிய களத்தில் இறக்கினார். அரை நூற்றாண்டுக்கு மேலாகப் பூட்டியிருந்த கதவு அன்று திறந்தது. நாற்றங்காலுக்கு விளைச்சலைத் தருவது மட்டுமே வேலை என்று எண்ணியிருந்தேன். மறுக்கப்பட்டவனுக்கு ஒரு பிடி மண்ணைத் தருவதும் அதன் வேலையே என்று அப்போது உணர்ந்தேன்.

கடல் கடந்த நாட்டுக்கு ஒரு ரிக்கி இருந்தார். நம் பக்கத்தில் அப்படி ஒருவர் இருந்தாரா? தேடினேன். இருந்தார். ரிக்கி பண்ணையைத் தொடங்குவதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே சென்னையில் இருந்தார். அவர்தாம் புச்சிபாபு நாயுடு.

மோதவரப்பு வேங்கடமகிபதி நாயுடு என்பது அவர் முழுப்பெயர். 1868-இல் பிறந்தார். அவர் வளர்ந்தது மயிலாப்பூரில், லஸ் இல்லம் என்னும் பெரிய மாளிகையில். பாட்டனார் பாரி கம்பெனியின் துபாஷி. வெள்ளை வணிகர்க்கும் உள்ளூர் மக்களுக்கும் இடையே நின்று, மொழி பெயர்த்து, வாணிகம் முடித்துக் கொடுப்பவரே துபாஷி. அன்றைய சென்னையில் அது செல்வமும் செல்வாக்கும் சேர்க்கும் தொழில். தெலுங்கு பேசும் அக்குடும்பம் தமிழ் மண்ணில் வேரூன்றிச் செழித்தது. பேரப்பிள்ளையை வளர்க்க ஆங்கிலச் செவிலியர் அமர்த்தப்பட்டனர். மாலை வேளைகளில் அவர்கள் குழந்தையைச் சேப்பாக்கத்திற்கு அழைத்துச் செல்வார்கள். அங்கே வெள்ளையர் கிரிக்கெட் ஆடுவார்கள். அப்படித்தான் சிறுவனுக்கு ஆட்டத்தின் மீது காதல் பிறந்தது.

சேப்பாக்கத்துத் திடல் சென்னைக் கிரிக்கெட் கழகத்தினுடையது. 1846-இல் தொடங்கிய கழகம். 1865-இல் சேப்பாக்கத்திற்கு வந்தது. உறுப்பினர் யாவரும் ஐரோப்பியர். இந்தியர் சில வேளைகளில் அங்கே ஆட அழைக்கப்படுவதுண்டு. களத்தில் அவர்களும் பந்து வீசினர், ஓட்டம் எடுத்தனர். ஆனால் நண்பகல் உணவு வேளை வந்ததும் வெள்ளையர் பெவிலியனுக்குள் நுழைவர். இந்தியர் மரநிழலில் அமர்ந்து உண்ண வேண்டும். களத்தில் ஒன்றாய் நின்றவரை உணவு இரண்டாகப் பிரித்தது. இதை வளர்ந்த புச்சிபாபு கண்டார். அவர் வீட்டிலோ செல்வத்திற்குக் குறைவில்லை. ஆங்கிலம் தாய்மொழிபோல் நாவில் புரண்டது. ஆயினும் அந்த மாடத்திற்குள் அவருக்கும் இடமில்லை. செல்வம் திறவாத கதவும் உலகில் உண்டு என்பதை அவர் அறிந்தது அங்கேதான்.

இது சோற்றைப் பற்றிய செய்தியா? சற்றே எண்ணிப் பாருங்கள், அன்பர்களே! ஆட்டம் ஆடிய எவரும் ஒன்றை ஒப்புக்கொள்வர். பாதி ஆட்டத்தைத் திடலில் கற்கிறோம். மறு பாதியை ஆட்டம் ஓய்ந்த வேளையில், மூத்தவர் அருகில் அமர்ந்து, அவர் பேச்சைக் கேட்டுக் கற்கிறோம். பந்து எங்கே திரும்பியது, ஏன் அந்த அடி தவறியது என்று அவர்கள் தமக்குள் பேசிக்கொள்வதே பள்ளிக்கூடம். மரத்தடியில் உட்கார வைக்கப்பட்டவனுக்குத் தன்மானம் போயிற்று. அந்தப் பள்ளியும் போயிற்று.

அவமதிப்புக்கு மனிதர் பலவாறு விடை கூறுவர். சிலர் வசை பாடுவர். சிலர் வணங்கி வாயிலில் காத்திருப்பர். சிலர் ஆட்டமே வேண்டாம் என்று விலகிவிடுவர். புச்சிபாபு வேறொன்று செய்தார். 1888-இல் மதராஸ் யுனைடெட் கிளப் என்ற சங்கத்தை நிறுவினார். சென்னையில் இந்தியர் தமக்கென்று அமைத்துக்கொண்ட முதல் விளையாட்டுச் சங்கம் அது. எஸ்பிளனேடில் அதற்கு ஒரு திடல் அமைந்தது. அப்போது அவருக்கு வயது இருபது! என்னிலும் மூன்றாண்டு இளையவர். அந்த வயதில் நான் தேர்வு அட்டவணைக்கு மேல் எதையும் திட்டமிட்டதில்லை என்பதை நாணத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

சங்கம் என்று பெயர்ப்பலகை மாட்டுவது எளிது. ஆட வருபவன் கையில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதுதான் கடினம். கிரிக்கெட் மட்டை ஆங்கில நாட்டு வில்லோ மரத்தில் செய்வது. தோல் பந்து, காலுறைக் கவசம், கையுறை, வெள்ளைக் கம்பளித் துணியில் தைத்த கால்சட்டை ஆகியவை எல்லாம் கப்பலேறி வரவேண்டிய காலம் அது. ஓர் எழுத்தர் வீட்டுப் பிள்ளை எங்கே போவான்? புச்சிபாபு அவற்றை இங்கிலாந்திலிருந்து வரவழைத்தார். தம் செலவில் இளைஞர்க்குக் கொடுத்தார். திறமை உள்ளவனைத் தேடிப் பிடித்துச் சங்கத்திற்குக் கொண்டுவந்தார். ரிக்கி நாற்று விட்டது தம் அணிக்கு நட்டுக்கொள்ளவும், மிஞ்சியதை விற்கவும். நாயுடு நாற்று விட்டது ஊருக்கு. இவருக்கு அதில் வரவு இல்லை. செலவு மட்டுமே இருந்தது. காலணி வாங்க வழியின்றி ஆட்டத்தை விட்டவன் நான். இந்த இடத்தைப் படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சிறிது நேரம் சன்னலோரம் நின்றேன்.

இருபது ஆண்டுகள் இவ்வாறு சென்றன. இந்த இருபது ஆண்டுகளில் பெரிதாய் எழுதும்படி என்ன நடந்தது? பிள்ளைகள் வந்தார்கள், கற்றார்கள், சிலர் தேறினார்கள், சிலர் அலுவலகங்களுக்குச் சென்று ஞாயிறு தோறும் ஆடினார்கள். நாற்றங்காலின் வரலாறு இப்படித்தான் இருக்கும். ஒரு நாளைக்கும் மறு நாளைக்கும் வேறுபாடு தெரியாது. வேர் இறங்குவதை வெளியில் நின்று யார் காண முடியும்?

பம்பாயில் நிலைமை அதற்குள் முன்னேறியிருந்தது. அங்கே பார்சிகள் 1848-லேயே சங்கம் கண்டவர்கள்; 1886-இல் இங்கிலாந்துக்கே சென்று ஆடி வந்தவர்கள். 1892 முதல் ஐரோப்பியரும் பார்சிகளும் மோதும் மாகாண ஆட்டம் அங்கே முதல்தர ஆட்டமாக நடந்தது. சென்னையிலும் அப்படி ஒன்று வேண்டும் என்று புச்சிபாபு எண்ணினார். தாம் வளர்த்த பிள்ளைகள் இப்போது எதிர்நின்று ஆடத்தக்கவர்கள் என்பது அவர் நம்பிக்கை. சென்னைக் கிரிக்கெட் கழகத்தாரோடு பேசி இசையச் செய்தார். ஒரு பக்கம் ஐரோப்பியர், மறுபக்கம் இந்தியர், அதே சேப்பாக்கம். எந்தத் திடலின் மரநிழலில் இந்தியர் தனித்து உண்டார்களோ, அதே திடலில் அவர்கள் நேர்நேர் நின்று ஆடப்போகிறார்கள்! 1908-ஆம் ஆண்டின் இறுதியில் முதல் ஆட்டம் என்று ஏற்பாடாயிற்று.

ஆட்டம் நடந்தது. அதைக் காண அவர் இல்லை. அதே ஆண்டில், நாற்பதாம் வயதில், புச்சிபாபு நாயுடு காலமானார்.

இருபது ஆண்டு உழைத்தவர்க்கு ஓர் ஐந்து நாள் பொறுக்கலாகாதா என்று காலனை நோக்கிக் கேட்கத் தோன்றுகிறது. ஆனால் என் தந்தையாரின் கேள்விக்கு விடை இருப்பதும் இந்த இடத்தில்தான் என்று நான் நினைக்கிறேன். அவர் தம் கண்ணால் கண்ட விளைச்சல் என்ன? ஒன்றும் இல்லை. அந்தக் கணக்குப்படி அவர் வாழ்வு வீண் அல்லவா? அவர் போன பின் நடந்ததைப் பாருங்கள்.

அடுத்த ஆண்டே, 1909-இல், அவர் நினைவாக ஒரு போட்டி தொடங்கியது. சென்னை மாகாண ஆட்டம் 1915-16 முதல் முதல்தர ஆட்டம் என்னும் தகுதி பெற்று, 1952 வரையில் பொங்கல் காலத்துப் பெருவிழாவாக விளங்கியது. பின்னாளில், 1932-இல், இந்தியாவின் முதல் டெஸ்ட் அணிக்குத் தலைமை தாங்கிய சி. கே. நாயுடு அந்த ஆட்டத்திற்காகச் சேப்பாக்கம் வந்து பெரும் அடிகள் அடித்து மக்களை மயக்கினார். புச்சிபாபுவின் மைந்தருள் பட் என்று வழங்கப்பட்ட வேங்கடராமானுஜுலு, பாலையா, இராமசாமி ஆகிய மூவரும் ஆட்டத்தில் பெயர் பெற்றனர். வேறு குடும்பத்திற்குத் தத்துச் சென்று கோட்டா இராமசாமி என்று பெயர் வழங்கியவரின் கதை வியப்பானது. தந்தை இறந்தபோது அவருக்கு வயது பன்னிரண்டு. 1922-இல் டேவிஸ் கோப்பை டென்னிஸில் இந்தியாவுக்காக ஆடினார். 1936-இல், பலர் ஆட்டத்தை விட்டு ஓய்ந்துவிடும் நாற்பதாம் வயதில், இங்கிலாந்தில் முதல் டெஸ்டில் இறங்கி 40-உம் 60-உம் எடுத்தார். இரண்டு ஆட்டங்களிலும் இந்தியாவுக்கு ஆடிய பெருமை மிகச் சிலர்க்கே வாய்த்தது.

இப்போது நம் பெங்களூரை நோக்கித் திரும்புவோம். ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டம் எங்கே நடந்தது, யாருக்கும் யாருக்கும் நடந்தது தெரியுமா? 1934 நவம்பர் 4-இல் சேப்பாக்கத்தில், சென்னைக்கும் மைசூருக்கும். முதற்பந்தை வீசியவர் எம். ஜே. கோபாலன். மைசூர் 48 ஓட்டங்களில் சுருண்டது. சென்னை 130 எடுத்தது. மைசூர் மீண்டும் இறங்கி 59-இல் ஓய்ந்தது. ஒரே நாளில் ஆட்டம் முடிந்துவிட்டது! ஏ. ஜி. ராம்சிங் 11 விக்கெட்டுகள் வீழ்த்தினார். அவர் குடும்பம் பஞ்சாபிலிருந்து வந்து சென்னையில் வேரூன்றியது. தெலுங்குக் குடும்பத்தவர் அமைத்த பாத்தியில் பஞ்சாபி நாற்று தழைத்தது. எந்த ஊரிலிருந்து வந்த விதை என்று மண் கேட்பதில்லை. பிழைக்க வந்த ஊரில் நின்று இதை எழுதும் எனக்கு, இது சிறிய ஆறுதல் அன்று.

ஒரே நாளில் தோற்ற மைசூர் என்ன ஆயிற்று? இங்கும் நாற்று விட்டவர்கள் இருந்தனர். பள்ளித் திடல்களிலும் சிறு சங்கங்களிலும் பொறுமையாய்ப் பிள்ளைகளைப் பழக்கினர். நாற்பது ஆண்டுகளுக்குப் பின், 1973-74-இல், பிரசன்னா, விசுவநாத், சந்திரசேகர் ஆகியோர் ஆடிய கர்நாடக அணி, பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்து கோப்பையைத் தன்னிடமே வைத்திருந்த பம்பாயை அரையிறுதியில் வென்று, கோப்பையையும் வென்றது. 48 ஓட்டங்களில் சுருண்ட அன்று மாலை, இனி இந்த ஊரில் ஆட்டம் எதற்கு என்று எவரேனும் சங்கத்தைப் பூட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

புச்சிபாபுவைத் தெய்வமாக்கிக் காட்டுவது என் நோக்கம் அன்று. அவர் இடித்த சுவர் வெள்ளையர்க்கும் இந்தியர்க்கும் இடையே இருந்த சுவர். நம்மவர்க்குள்ளேயே இருந்த சுவர்கள் வேறு. அதே காலத்தில் புனாவில் பல்வங்கர் பாலு என்ற ஒப்பற்ற சுழற்பந்து வீச்சாளர் இருந்தார். தாழ்த்தப்பட்ட சாதியில் பிறந்தவர். அவர் பந்து வீசித் தம் அணிக்கு வெற்றி தேடித் தருவார். தேநீர் வேளையில் அவருக்கு மட்டும் வெளியே, தனிக் குவளை. வெள்ளையர் செய்ததைக் கண்டு கொதித்தவர்கள் தம் வீட்டு வாசலில் அதையே செய்தனர்! 1911-இல் இங்கிலாந்து சென்ற இந்திய அணியில் நூற்றுக்கு மேற்பட்ட விக்கெட்டுகளை வீழ்த்தினார் அந்தப் பாலு. சுவர் ஒன்றை இடித்துவிட்டோம் என்று கையைத் தட்டிக்கொண்டு ஓய்வதற்கில்லை. அடுத்த சுவர் அருகிலேயே நிற்கிறது. இன்று அது காலணியின் விலையாகவும், பயிற்சிக் கட்டணமாகவும், தொலைவில் இருக்கும் திடலாகவும் நிற்கிறது.

அவர் பெயரால் தொடங்கிய போட்டி பின்னாளில் பிற மாநில அணிகளும் வந்து ஆடும் அனைத்திந்தியப் போட்டியாக வளர்ந்தது. சில ஆண்டுகள் நின்றிருந்து, 2023-இல் மீண்டும் உயிர் பெற்றது. 2024-இல் கோவை, திருநெல்வேலி, நத்தம் முதலிய ஊர்களில் ஆட்டங்கள் நடந்தன. ரஞ்சிப் பருவம் தொடங்குமுன் இளைஞர் தம் திறத்தைக் காட்டும் களம் அது. நம் பெங்களூரிலும் திம்மப்பையா நினைவுப் போட்டி அத்தகையதே. இவற்றில் ஆடுவோர் பெயரை நாளேட்டின் ஓரத்தில் சிறிய எழுத்தில் அச்சிடுவார்கள். அமெரிக்க நண்பரைப் போல நானும் இப்போது ஓர் ஏடு வைத்திருக்கிறேன். அந்தச் சிறிய எழுத்துப் பெயர்களைக் குறித்து வருகிறேன். சென்ற ஆண்டு 20 ஓட்டங்களில் ஆட்டமிழந்த பையன் இந்த ஆண்டு 70 எடுத்தால், பல்கலைக்கழகப் பேருந்தில் நின்றுகொண்டே மகிழ்கிறேன். அவனுக்கு என்னைத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை.

என் ஆய்வுக்கூடத்தில் நூறு விதை ஊன்றினால் நூறும் முளைப்பதில்லை. முளைத்தவை எல்லாம் மரமாவதில்லை. அதற்காக, முளைக்காத விதைக்கு ஊற்றிய நீர் வீண் என்று எந்தத் தாவரவியலாரும் சொல்ல மாட்டார். எது முளைக்கும் என்று முன்னரே தெரியாத வரையில், எல்லாவற்றிற்கும் ஒருங்கே நீர் ஊற்றுவதுதான் முறை. தந்தையாரிடம் இதைத்தான் சொன்னேன். தம்பி பேர் பெற்ற ஆட்டக்காரன் ஆவான் என்று நான் உறுதி கூறவில்லை. கூற யாராலும் முடியாது. அவன் ஆகாவிட்டாலும், நாளை அவன் பந்து வீச, வேறொரு பையன் அடிக்கக் கற்பான். அதில் ஒன்றும் வீண் இல்லை என்றேன். அவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்னர், தம்பியின் காலணி இந்த ஆண்டுக்குத் தாங்குமா என்று மட்டும் கேட்டார்.

தாங்காது. என் உதவித்தொகையில் மாதந்தோறும் ஒரு பகுதி அதற்கென்று ஒதுக்கியாயிற்று. ஞாயிறு காலைகளில் நான் மீண்டும் பந்து வீசுகிறேன். தம்பிக்கும், அவனோடு வரும் ஆறு ஏழு தெருப் பிள்ளைகளுக்கும். அவர்களுள் இருவர்க்கு மட்டை இல்லை. நம் மன்றத்து நண்பர்கள் சிலர் தம் வீட்டுப் பரணில் கிடந்த பழைய மட்டைகளைக் கொணர்ந்து தந்தனர். அவற்றுள் ஒன்றில் பிடி தளர்ந்திருக்கிறது. நூல் சுற்றினால் இன்னும் இரண்டாண்டு உழைக்கும். இன்னும் மட்டை இருப்பவர், வரும் ஞாயிறு காலை ஆறரை மணிக்கு அல்சூர் ஏரிப் பக்கம் வாருங்கள். பந்து பொறுக்கவும் ஆள் வேண்டும்.